20 ஏக்கர் கொறங்காட்டில் வீட்டு வளாகம்: மரக்கன்று நடுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

கட்டடக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோவையில் ஒரு நடுத்தரக் கட்டுமான நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் வேலை. திருப்பூர்–காங்கயம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி 20 ஏக்கர் வாங்கியிருக்கிறார்கள். தனி வீடுகளும் இரண்டு அடுக்குமாடித் தொகுதிகளும் வரப்போகின்றன. வீடு, சாலை, வண்டி நிறுத்தம் எல்லாம் சேர்த்து மண்வேலை நடக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்பது ஏக்கர். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் மாநில அளவிலான சுற்றுச்சூழல் அனுமதிக்கும் விண்ணப்பிக்கிறோம்.

நிலம் முழுக்கக் கொறங்காடு, அதாவது உயிர்வேலி கட்டிய மேய்ச்சல் காடு. நான்கு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கிழக்கே ஒரு இட்டேரி (இருபக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதை), தெற்கு ஓரமாக மழைக்கு மட்டும் ஓடும் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனத் தோட்டங்கள், தென்னையும் சின்ன வெங்காயமும்.

எங்கள் முதலாளிக்கு இயற்கைக்கும் விவசாயத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை. 5,000 மரக்கன்று, ஒரு மூலையில் மரங்களை நெருக்கி நடும் மியாவாக்கி காடு, திறப்பு விழாவில் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விதைப் பை என்று பட்டியல் தயார். எனக்கு ஏதோ இடிக்கிறது. ஆனால் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசக் கையில் சரக்கு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இட்டேரி

இடிக்கத்தான் வேண்டும். ஒன்பது ஏக்கர் மேய்ச்சல் காட்டை வழித்து எடுத்துவிட்டு, மூலையில் அரை ஏக்கர் நட்டு "காடு வளர்த்தோம்" என்று பலகை வைப்பார்கள். எத்தனையோ வளாகங்களில் பார்த்தாயிற்று.

முதலில் உங்கள் முதலாளிக்கு ஒன்றைப் புரியவையுங்கள். கொறங்காடு சும்மா கிடக்கும் நிலம் கிடையாது. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் வைத்துப் பிழைக்கத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய பண்ணையம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல். அதன் விதை மேல் மண்ணிலேயே கிடந்து மழைக்குக் காத்திருக்கும். வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்குத் தீனி. கிளுவையில் பிரண்டையும் கோவைக்கொடியும் முடக்கத்தானும் ஏறிக் கிடக்கும். அதன் அடியில் கீரி, உடும்பு, முயல். புல்வெளியில் காடை, கௌதாரி, விசிறித் தொண்டை ஓணான். இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது வெயில் விழும் திறந்த வெளி.

மியாவாக்கி முறையை ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்தது காட்டை மீட்பதற்காக. இயல்பிலேயே அடர்ந்த காடாக இருந்த இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. புல்லும் அங்கொன்று இங்கொன்றாக மரமும் உள்ள இடத்தில் நெருக்கி நட்டால் நிழல் விழுந்து புல் போய்விடும், புல்லை நம்பியிருந்த பறவையும் போய்விடும். போதாததற்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் யாருடையது என்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டிய காரியம் வரைபடத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு மழைக்குப் பிறகு, தாவரம் தெரிந்த ஒருவரையும் அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எந்தப் பகுதியில் புல் கெட்டியாக இருக்கிறது, எந்த மரத்தில் கூடு இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று குறியுங்கள். சாலையை அதற்குப் பிறகு வரையுங்கள். இப்போது பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: முதலில் மனை எண்ணிக்கை, பிறகு சாலை, மிச்சம் இருந்தால் மரம்.

கிளுவை வேலியை எடுக்கவே எடுக்காதீர்கள். பாதுகாப்புக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்பார்கள். வேலிக்கு உள்பக்கம் ஐந்தாறு அடி விட்டு வலைக்கம்பி போட்டால் போதும், சுவரைவிடச் செலவும் குறைவு. கம்பியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் கீரியும் முயலும் போய்வரும். வேலியில் சந்து விழுந்த இடத்தில் கிளுவைப் போத்தை (கிளையை) வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், நர்சரிக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று, அழகுக்கென்று கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக வைக்க ஆளாய்ப் பறப்பார்கள். 2025இல் தமிழ்நாடு அரசே அதை நடத் தடை போட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு

எல்லாம் சரி. பல்லுயிரைக் காக்க ஒரு கட்டுமான நிறுவனம் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை அங்கே கட்டாமல் இருப்பது. சென்னையில் பள்ளிக்கரணையைச் சுற்றி எல்லாம் கட்டி முடித்த பிறகு 2022இல் ராம்சார் அந்தஸ்து (உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலம் என்ற அங்கீகாரம்) வந்தது. இப்போது மிச்சம் இருக்கும் சதுப்புக்கு வழக்கு மேல் வழக்கு. நீங்கள் கீரிக்கு ஒரு சாண் இடைவெளி விடுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கட்டடக்காரன்

@வெட்டிப்பேச்சு நிலம் கிரயம் ஆகிவிட்டது, சார். நான் வேலையை விட்டாலும் அங்கே வீடு வரும். விற்றவருக்கு எழுபது வயதுக்கு மேல், பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி. மாடு போய் வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காட்டை யார் வைத்துக் காப்பாற்றியிருப்பார்கள்?

@இட்டேரி அய்யா, வேலியும் வலைக்கம்பியும் அருமையான யோசனை, செலவுக் கணக்கோடு போனால் முதலாளி கேட்பார். ஒரு சந்தேகம். பூங்காவுக்காக 10 சதவீதத் திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். அதை இட்டேரிப் பக்கம் ஒதுக்கினால் அந்தத் துண்டாவது பிழைக்குமா?

இட்டேரி

பிழைக்கலாம், சாகவும் செய்யலாம். எழுதிக் கொடுத்த மறுவருஷம் புல்லைச் செதுக்கி, கொரியன் புல் பதித்து, சிமெண்ட் மான் வைத்துவிடுவார்கள். ஊராட்சித் தலைவரை இப்போதே கூட்டிவந்து காட்டுங்கள். "மேய்ச்சல் பூங்கா" என்று கிராம சபையில் தீர்மானம் போட முடிந்தால் நல்லது. ஆடு மேய வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மேய்ச்சலும் பராமரிப்பும் நின்ற கொறங்காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிடும்.

தோட்டத்துக்காரி

நான் நீங்கள் சொல்லும் அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் மாதிரிதான். தாராபுரம் பக்கம் ஐந்து ஏக்கர், வெங்காயமும் தென்னையும், நான்கு மாடு. எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு மனைப்பிரிவு வந்து நான் பட்டதைச் சொல்கிறேன், விதைப் பை வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

முதல் காரியமாகத் தரையை மூன்றடி உயர்த்தினார்கள். பள்ளத்தில் போக வேண்டிய மழைத் தண்ணீர் என் வெங்காயத்தில் நின்றது. வெங்காயத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, காய் அழுகிவிடும். கேட்டால், "எங்கள் எல்லைக்குள் வடிகால் சரியாக இருக்கிறது" என்றார்கள். எல்லையைத் தாண்டி அது எங்கே போகிறது என்பதை அவர்கள் வரைபடம் காட்டவே இல்லை.

அடுத்தது போர். இந்தப் பக்கம் ஆயிரம் அடி போட்டாலும் தண்ணீர் உத்தரவாதம் இல்லை. கட்டுமானத்துக்கு என்று இரண்டு மூன்று போர் போட்டுப் பகலிரவாக இறைத்தார்கள். பிஏபி தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்து வருவது. இடைப்பட்ட காலத்துக்குக் கிணறும் போரும்தான் எங்களுக்கு. இது தெரியாமல் விவசாயிகளுக்கு ஆதரவு என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது கான்கிரீட் வண்டி கழுவும் தண்ணீர். பள்ளத்தில் திறந்துவிடுவார்கள், சாம்பல் நிறத்தில் படிந்து கிடக்கும். மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது.

மயில் தொல்லை வேறு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது, இட்டேரி அழிந்து நரி போனதால் மயில் பெருகிவிட்டது என்று. சரியோ தப்போ, இட்டேரியை வழித்தவர்கள் வந்து மயிலை விரட்டித் தருவதில்லை.

தம்பி, உங்கள் முதலாளி விவசாயத்துக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், முதலில் பள்ளத்தைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை

அக்கா சொன்ன வடிகால் கதை எங்கள் டெல்டாவிலும் அப்படியே. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் பதனிடுதல் எல்லாம் அதன் தடைப் பட்டியலில் உண்டு. மனைப்பிரிவு இல்லை.

எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் வாய்க்கால் மேல் குழாய்ப் பாலம் போட்டது. குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு அடி மேலே. தண்ணீர் குழாய்க்குள் ஏற வேண்டுமென்றால் முதலில் மேல்மடை வயல் முழுக வேண்டும். கீழ்மடைக்குச் சொட்டுதான். ஒரு லெவல் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆகவே பள்ளத்தின் மேல் பாதை போடுவதாக இருந்தால், அடிமட்டம் எவ்வளவு என்று பக்கத்துத் தோட்டக்காரர் முன்னால் லெவல் எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம், வரப்போரம் இருக்கும் உயரமான மரங்களை வெட்டாதீர்கள். நாங்கள் எலிக்காக வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வைக்கிறோம். ஆந்தை பகலில் தங்குவது அந்த மரப்பொந்தில்தான்.

அளவுப்புத்தகம்

நான் அளவு, மதிப்பீடு பார்க்கிறவன். மேலே எல்லோரும் சொன்னது நியாயம், ஆனால் ஒன்றும் நடக்காது. காரணம், டெண்டரில் இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை. மண்வேலை ஒப்பந்தக்காரருக்குக் கன மீட்டர் கணக்கில் பணம். எவ்வளவு வேகமாக வழிக்கிறாரோ அவ்வளவு லாபம். "மேல் மண்ணைப் பாதுகாக்கவும்" என்று சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் கடிதம் அலுவலகக் கோப்பில் இருக்கும். ஹிட்டாச்சி ஓட்டுகிறவர் அதைப் பார்த்ததே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மேல் மண் அரை அடி எடுத்தால் 21,780 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 218 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). ஒன்பது ஏக்கருக்கு 1,960 யூனிட். இவ்வளவும் இப்போது எங்கே போகும்? அஸ்திவாரக் குழி மண்ணோடு கலந்து தரை உயர்த்தப் போகும். கொழுக்கட்டைப் புல் விதையோடு சேர்ந்து சாலைக்கு அடியில் புதையும். பிறகு தோட்டம் போட வெளியிலிருந்து செம்மண் காசு கொடுத்து வாங்குவீர்கள். அது வேறு யாரோ ஒருவருடைய நிலத்தின் மேல் மண்.

ஆகவே டெண்டரில் தனி வரியாக வையுங்கள்: மேல் மண்ணை அரை அடிக்குத் தனியாக எடுத்தல், குறித்த இடத்தில் குவித்தல், பின்னர் பரப்புதல். மூன்றுக்கும் தனித்தனி விலை. குவியல் ஆறடிக்கு மேல் போகக் கூடாது, போனால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடும். மாதக்கணக்கில் கிடக்கும் என்றால் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துவிடுங்கள், மழையில் கரையாது. மழைக்காலத்தில் ஈர மண்ணை அள்ளவே கூடாது.

மிஞ்சும் மண்ணைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தரலாம், ஆனால் டிப்பரில் ஏற்றி வெளியே எடுத்தால் கனிமவளத் துறை அனுமதியும் நடைச்சீட்டும் வேண்டும். அது இல்லாமல் நல்லெண்ணத்தில் அனுப்பினால் வழியில் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள்.

கான்கிரீட் வண்டி கழுவுவதற்கும் இதே மருந்து. கழுவுநீரின் கார அளவு (pH) 12 வரை போகும், மீன் தாங்காது, மண்ணும் தாங்காது. தார்ப்பாய் விரித்த ஒரு குழி, தெளிந்த நீரை அடுத்த கழுவலுக்கே எடுப்பது, படிந்ததை உடைத்து அடித்தளத்துக்குப் போடுவது. செலவு அற்பம். டெண்டரில் ஒரு வரி இருந்தால் நடக்கும்.

தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் இதே துறையில் இருக்கிறேன். இங்கே 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய திட்டங்களுக்குப் பல்லுயிர் 10 சதவீதம் கூடியாக வேண்டும் என்பது சட்டம். கட்டும் முன் நிலத்தின் வாழிடத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், கட்டிய பின் அது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும், 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். முன்கூட்டியே வழித்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2020 ஜனவரி 30க்குப் பிறகு அனுமதியில்லாமல் அழித்திருந்தால் அழிப்பதற்கு முன் இருந்த நிலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

மதிப்பெண் முறையில் ஓட்டைகள் நிறைய. ஆனால் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. சொந்த இடத்தில் ஈடுசெய்ய முடியாத நிறுவனம், வேறொரு விவசாயியின் நிலத்தில் வாழிடத்தைப் பராமரிக்கப் பணம் தரலாம். விவசாயிக்கு அது ஒரு வருமானம்.

வெட்டிப்பேச்சு

ஆக, இங்கே அழித்துவிட்டு அங்கே காசு கொடுத்தால் கணக்கு நேர். பாவமன்னிப்புச் சீட்டு.

இட்டேரி

@வெட்டிப்பேச்சு கிண்டல் இருக்கட்டும், காங்கயத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். கொறங்காட்டைக் குத்தகைக்கு விடும் வழக்கம் இங்கே பழையது. மாடில்லாத நிலக்காரர் ஆட்டுக்காரருக்கு வருஷக் குத்தகைக்கு விடுவார். குத்தகைப் பணம் சொற்பம் என்பதால்தான் மனைக்காரர் வந்ததும் விற்கிறார். நிறுவனம் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது ஏக்கருக்குக் குறையாத கொறங்காட்டை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, உழக்கூடாது, வேலியை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு மேய்ச்சல்காரரிடம் விட்டால், மாடும் பிழைக்கும் காடும் பிழைக்கும். 5,000 கன்றுக்கு ஆகும் குழி, தண்ணீர், கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூளைக்காரர்மகன்

யாரும் பொருளைப் பற்றிப் பேசவில்லையே. 20 ஏக்கரில் நீங்கள் அழிப்பதைவிட லாரியில் வந்து இறங்கும் செங்கலும் மணலும் அழிப்பது அதிகம். ஒரு நாட்டுச் செங்கல் மூன்று கிலோ. லட்சம் செங்கல் என்றால் 300 டன் சுட்ட மண், அதுவும் விவசாயம் செய்யத் தகுந்த மண். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் செங்கலைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 1999இல் அறிவிக்கை போட்டபோது சொன்ன காரணங்களில் மேல் மண்ணைக் காப்பதும் ஒன்று. கோவைக்காரருக்குத் தடாகம் பள்ளத்தாக்கு தெரியாமல் இருக்காது. செம்மண்ணை வெட்டி வெட்டி ஓடைகளும் யானை வழியும் குழியாகி, 2021இல் அனுமதியில்லாத சூளைகளை மூடினார்கள். எங்கள் வீட்டுச் சோறே சூளைச் சோறு, அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன்: மண் எந்தப் பட்டா நிலத்திலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கிய கட்டுமானக்காரரை நாங்கள் பார்த்ததில்லை.

மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது. எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கும்போது கிரஷரை, அதாவது கல் உடைக்கும் ஆலையை, நேரில் போய்ப் பாருங்கள். தூசிக்குத் தண்ணீர் தெளிக்காத கிரஷர் என்றால் சுற்றிலும் உள்ள தென்னை மட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டடக்காரன்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, இதையெல்லாம் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவில் காட்டலாமா என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. இரண்டு, குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரித்து மிஞ்சும் நீரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இலவசமாகத் தரலாம் என்று ஒரு யோசனை.

அளவுப்புத்தகம்

முதல் கேள்விக்கு: நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கையில் வருவது சிஎஸ்ஆர் ஆகாது, விதியே அப்படி. உங்கள் சைட்டில் மேல் மண்ணைக் காப்பது திட்டச் செலவு. வெளியே கொறங்காட்டுக் குத்தகை வேறு விஷயம், அதை உங்கள் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

தோட்டத்துக்காரி

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். ஒரத்துப்பாளையம் அணையைத் தெரிந்த ஊரில் வந்து "சுத்திகரித்த தண்ணீர்" என்று சொல்லாதீர்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயத் தண்ணீர் நொய்யலில் வந்து நின்று, தண்ணீரைத் திறந்தால் பயிர் போய்விடும் என்று விவசாயிகளே திறக்க விடாத நிலை வந்தது. உயர் நீதிமன்றம் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் போனது. வீட்டுக் கழிவுநீர் சாயத் தண்ணீர் இல்லை, தெரியும். ஆனால் எல்லா வீட்டிலும் உப்புநீரை மென்மையாக்கும் கருவி வைப்பார்கள், அந்த உப்பெல்லாம் கழிவுநீரில்தான் வரும். வெங்காயம் உப்பைத் தாங்காது.

தருவதாக இருந்தால் மாதா மாதம் உப்பு அளவைப் பரிசோதித்துத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் வேண்டுமானால் சிலர் எடுப்பார்கள். அதைவிட, அந்தத் தண்ணீரைக் கட்டட வேலைக்கும் கழிப்பறைக்கும் நீங்களே வைத்துக்கொண்டு, போரை இறைப்பதைப் பாதியாக்குங்கள். எங்களுக்கு அதுதான் லாபம்.

இன்னொன்று, வேலையாட்கள் நூறு, இருநூறு பேர் இருப்பார்கள் இல்லையா? அவர்கள் சமையலுக்கு வெங்காயமும் காயும் தேங்காயும் எங்கிருந்து வாங்குகிறீர்கள்? அந்த ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடு ஒரு வருஷ ஒப்பந்தம் போடுங்கள். விலையை மாதத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்ளலாம். மருந்தடிக்காமல் விளைவிப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுங்கள். இலவச விதையைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டடக்காரன்

நன்றி அக்கா. கூட்டத்துக்கு நான் கொண்டுபோகும் வரைவு இது, பார்த்துத் திருத்துங்கள்.

வேலி, இட்டேரி, பள்ளம் மூன்றும் வரைபடத்தில் "தொடாத பகுதி". பள்ளத்தின் இருபுறமும் கட்டடம் இல்லை. மேல் மண், கழுவுகுழி இரண்டும் டெண்டரில் விலையோடு தனி வரிகள். மியாவாக்கிக்குப் பதில், பரப்பிய மேல் மண்ணில் கொழுக்கட்டைப் புல். மரம் வேண்டும் என்றால் சாலையோரம் வேம்பும் புங்கனும் மட்டும். சாம்பல் செங்கல். கிரஷரை நேரில் பார்த்த பிறகே கொள்முதல் ஆணை. ஒன்பது ஏக்கர் கொறங்காட்டுக்குப் பத்தாண்டுக் குத்தகை. கட்டுமானக் காலத்தில் ஒரே ஒரு போர், மீட்டர் பொருத்தி.

இட்டேரி

பத்தாண்டு போதாது, புல் நிலைகொள்ளும்போது குத்தகை முடிந்துவிடும். இருபதாவது கேளுங்கள், பேரத்தில் பதினைந்துக்கு வரும்.

தோட்டத்துக்காரி

போர் மீட்டரை நாங்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி வெளிப்பக்கம் வையுங்கள்.

அளவுப்புத்தகம்

மண்வேலை ஒப்பந்தக்காரரின் பில்லில் 10 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். மேல் மண் திரும்பப் பரப்பிய பிறகு, பள்ளத்தின் கீழ்ப்பக்கத் தோட்டக்காரர் இரண்டு பேர் வடிகாலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் விடுவிப்பது என்று எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் கத்துவார். முதல் பில்லுக்கு முன்பே கத்தட்டும், பிறகு வேலை ஒழுங்காக நடக்கும்.

கட்டடக்காரன்

மூன்றையும் சேர்த்துவிட்டேன். கூட்டம் அடுத்த வாரம். மியாவாக்கியை விடுவதற்கு முதலாளி லேசில் சம்மதிக்க மாட்டார், அதற்கு மட்டும் இட்டேரி அய்யா ஒருமுறை நேரில் வந்து பேச முடியுமா? தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

இட்டேரி

வருகிறேன். கூட்ட அறையில் வேண்டாம், காட்டுக்கே கூட்டி வாருங்கள். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தால் நல்லது.